ஊசி இடம் கொடுத்ததா? பாதிக்கப்பட்டவரை ஏன் குறை சொல்கிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்துக் கேட்கிற கேள்விகள் வேறு. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிற கேள்விகள் வேறு. இரண்டாவது வகையில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அதனால்தான் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"பார்த்துப் போ" என்று சொல்வதுகூடத் தப்பா? எச்சரிக்கைக்கும் குறை சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?

எப்போது சொல்கிறோம் என்பதுதான் முதல் வித்தியாசம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கப்போகும் அக்காவிடம் "சங்கிலியை முந்தானைக்குள்ள விட்டுக்கோங்க" என்றால் அது எச்சரிக்கை. அதே அக்கா சங்கிலி அறுபட்டு, கழுத்தில் ரத்தக் கீறலோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது "இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டு யாரு வரச் சொன்னது?" என்றால் அது குறை. அதனால் சங்கிலி திரும்பி வரப்போவதில்லை. அறுத்தவன் தலையில் இருக்க வேண்டிய பாரத்தில் பாதி அந்த அம்மா தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

கவனக்குறைவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கதவைப் பூட்டாமல் சந்தைக்குப் போனால் அது கவனக்குறைவுதான். ஆனால் உள்ளே புகுந்து எடுத்தவன் செய்தது திருட்டு. திருட்டுக்குச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தில் "வீடு பூட்டியிருந்தால் மட்டும்" என்று ஒரு வரி எங்கும் கிடையாது.

அடிபட்டவரைப் பார்த்தால் இரக்கம்தானே வரணும்? குறை சொல்லும் புத்தி எங்கிருந்து வருகிறது?

இரக்கம்தான் முதலில் வருகிறது. அந்த இரக்கத்தால் ஒன்றும் செய்ய முடியாமல் போகும்போதுதான் சிக்கல்.

மெல்வின் லெர்னர் என்ற உளவியல் அறிஞர், கரோலின் சிம்மன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1966-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவிகளை உட்கார வைத்து, இன்னொரு பெண் பாடம் படிக்கும்போது ஒவ்வொரு தவறுக்கும் கரண்ட் ஷாக் வாங்குவதைப் பார்க்கச் சொன்னார்கள். ஷாக் நிஜமில்லை, நடிப்பு. பார்த்தவர்களுக்கு அது தெரியாது. ஒரு பிரிவினருக்கு அந்தப் பெண்ணின் தண்டனையை நிறுத்த வழி கொடுத்தார்கள். அவர்கள் நிறுத்தினார்கள், அவளைப் பற்றி நல்லபடியாகவும் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு அந்த வழி இல்லை. அவள் தொடர்ந்து துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர்கள் அவளை மட்டமாக மதிப்பிட்டார்கள். மற்ற மாணவிகளுக்காகத்தான் அவள் இந்த வலியைத் தாங்குகிறாள் என்று சொல்லப்பட்ட பிரிவில் மதிப்பீடு இன்னும் கீழே போனது. பிறருக்காகக் கஷ்டப்பட்டவளுக்குத்தான் ஆகக் குறைந்த மதிப்பெண்.

லெர்னர் கொடுத்த விளக்கம் இது. உலகம் நியாயமாக நடக்கிறது, அவரவருக்குத் தக்கதுதான் அவரவருக்குக் கிடைக்கிறது என்று நம்பித்தான் நாம் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறோம். ஒன்றும் செய்யாத ஒருத்தி துடிப்பதைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அவளைக் காப்பாற்ற முடியவில்லையா, நம்பிக்கையையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று மனசு முடிவு செய்கிறது: "அவளும் ஏதோ செஞ்சிருப்பா." நம் ஊரில் இதற்கென்றே வசனங்கள் தயாராக இருக்கின்றன. தன்வினை தன்னைச் சுடும். நெருப்பில்லாமல் புகையுமா. ஊசி இடம் கொடுத்தால்தான் நூல் நுழையும்.

எங்க தெருவில் அதிகமாகப் பேசுவது பெண்கள்தான். ஒரு பெண்ணுக்கு நடந்ததை இன்னொரு பெண்ணே இப்படிப் பேசலாமா?

ஆண்கள் பேசுவதில்லை என்று நினைக்க வேண்டாம். அவர்கள் டீக்கடையில் பேசுகிறார்கள், உங்கள் காதில் விழுவதில்லை. ஆனாலும் கேள்வியில் விஷயம் இருக்கிறது.

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே பஸ்ஸில் வரும் இன்னொரு பெண்ணுக்கு அந்தச் செய்தியோடு கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: நாளைக்கு எனக்கா? அதைத் தாங்க முடியாததால் தனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கிறாள். "அவ போன்ல பேசிக்கிட்டே நடப்பா, நான் அப்படியில்ல." "அவ குறுக்கு வழியில போனா, நான் போக மாட்டேன்." மேலே பார்த்தால் வெறுப்பு மாதிரி தெரியும். பெரும்பாலும் அது பயம்.

கெல்லி ஷேவர் என்பவர் 1970-இல் இதைத் தற்காப்பாகப் பழி சுமத்துவது என்று விளக்கினார். அதற்கு மறுபக்கமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் முழுக்க நம்மைப் போலவே இருந்து, கோடு கிழிக்க வழியே இல்லை என்றால், குறை சொல்வது குறைகிறது. நாளைக்கு நமக்கு நடந்தால் நம்மையும் யாரும் குறை சொல்லக் கூடாதே. அதனால்தான் சொந்தத் தங்கைக்கு நடந்தால் ஒரு பேச்சு, காலனிப் பெண்ணுக்கு நடந்தால் வேறு பேச்சு.

கோபம் வந்தால் குற்றவாளி மேல்தானே வரணும்? அது எப்படிப் பாதிக்கப்பட்டவர் மேல் திரும்புகிறது?

கோபத்துக்கு முகவரி தேவை. திருடன் பைக்கில் தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போய்விட்டான், ஏமாற்றியவன் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்றே தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்து அழுவது யார்? பாதிக்கப்பட்டவர்தான். கைக்கு எட்டினவர் மேல் விழுகிறது.

1999-இல் கோல்ட்பெர்க், ஜெனிஃபர் லெர்னர், டெட்லாக் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. (இவர் வேறு லெர்னர்.) அநியாயமாக ஒருவன் அடிக்கப்படும் காட்சியைச் சிலருக்குக் காட்டினார்கள். அடித்தவன் தண்டனை பெற்றான் என்று தெரிந்தவர்களுக்கும் கோபம் இருந்தது, ஆனால் அது அவர்களுடைய அடுத்த தீர்ப்புகளுக்குள் கசியவில்லை. அவன் தப்பிவிட்டான் என்று தெரிந்தவர்கள், கொஞ்சமும் தொடர்பில்லாத வேறு வழக்குகளில் கூடுதல் தண்டனை கேட்டார்கள். தீராத கோபம் வழி தேடி ஓடும் என்பது இதிலிருந்து தெரிகிறது. எந்த ஊரில் வழக்கு பதியவே மாசக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறதோ, அந்த ஊரில் பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் மீது எரிச்சலும் அதிகம் என்பது என் அபிப்பிராயம். "இதுங்களால ஊருக்கே கெட்ட பேரு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

எல்லாப் பாதிக்கப்பட்டவர்களையும் இப்படித்தான் பேசுகிறோமா?

இல்லவே இல்லை. தர்மபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை.

2000 பிப்ரவரி 2. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவ மாணவிகள் வந்த பஸ் இலக்கியம்பட்டியில் கொளுத்தப்பட்டு 3 மாணவிகள் இறந்தார்கள். தமிழ்நாடே அழுதது. அந்த நேரத்தில் அங்கே ஏன் வந்தார்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்காதது மிகச் சரி. படிக்கிற பிள்ளைகள், கல்விச் சுற்றுலா, பட்டப்பகல்.

நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1986-இல் எழுதிய கட்டுரையில், சமூகம் உடனே ஏற்றுக்கொள்ளும் 'லட்சியப் பாதிப்பாளர்' எப்படி இருப்பார் என்று விவரித்தார். பலவீனமானவர், மரியாதையான வேலையாகப் போனவர், யாரும் குறை சொல்ல முடியாத இடத்தில் இருந்தவர். குற்றவாளி பெரிய ஆள், கெட்டவன், முன்பின் தெரியாதவன். இத்தனையும் பொருந்தினால் இரக்கம் தடையில்லாமல் ஓடும். ஒன்று பொருந்தாவிட்டாலும் கேள்விகள் ஆரம்பிக்கும். குடித்திருந்தாரா? அவனை முன்னாடியே தெரியுமா? எந்தச் சாதி?

ஆனால் நடப்பில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்றுதான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுக்கு ஆண்டு சொல்கின்றன. கிறிஸ்டியின் பட்டியல் முழுசாகப் பொருந்துகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வாச்சாத்தியை ஏன் எப்போதும் இதோடு சேர்த்துச் சொல்கிறீர்கள்? அது அதிகாரிகள் செய்த அட்டூழியம்தானே?

அட்டூழியம்தான். ஆனால் அத்தனை காலம் அதை யாரும் நம்பாமல் இருந்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்டவரையே குறை சொல்லும் இந்தப் புத்திதான்.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாச்சாத்தி, அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து ஊர். பெரும்பாலும் மலையாளி என்ற பெயருள்ள பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை). 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், மொத்தம் 269 பேர் ஊருக்குள் நுழைந்தார்கள். அகப்பட்டவர்களை ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடு கோழியை அடித்துத் தின்றார்கள், கிணற்றையும் கெடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கு மேல், பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் அதிகமானவர்களைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கொடுமைக்கு ஆளானவர்கள் காகிதத்தில் குற்றவாளிகள் ஆனார்கள்.

வெளியே என்ன பேச்சு? "சந்தனம் கடத்துற ஊரு." இந்த ஒரு வரி போதுமாக இருந்தது. மலைப்பக்கம் முழுக்கச் சந்தனக் கடத்தல் பற்றிய பயமும் கோபமும் ஊறிப்போயிருந்த காலம் அது. பெரிய கடத்தல்காரர்கள் யார் கைக்கும் சிக்கவில்லை. மலையடிவாரத்தில் குடிசையில் இருந்தவர்கள் சிக்கினார்கள். மேலே சொன்ன திசை மாறும் கோபம், இங்கே அரசு வண்டியில் ஏறி வந்தது. அரசுத் தரப்பு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே சாதித்தது. படித்த, சம்பளம் வாங்கும் அதிகாரிகள் இப்படிச் செய்வார்களா என்று கேட்டவர்களுக்கு, காட்டில் சுள்ளி பொறுக்கும் பெண் பொய் சொல்வாளா என்று கேட்கத் தோன்றவில்லை. யார் சொல்வதை நம்பலாம் என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, அப்புறம் சாட்சியத்தைக் கேட்பதுதான் முன்முடிவு.

மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடி, 1995-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள், அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்கு. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி வேல்முருகன், தீர்ப்புக்கு முன்னால் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றத்தான் இந்த மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. சம்பவத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 31 வருஷம்.

இன்னும் சிலர் கேட்கிறார்கள்: "அங்க யாருமே மரம் வெட்டலைன்னு சொல்றீங்களா?" அந்தக் கேள்விக்குள் போகவே மாட்டேன். கூலிக்கு யாரோ கட்டை தூக்கியிருந்தாலும் அதற்கு வழக்கு இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. 18 பெண்களுக்கு நடந்ததை அதோடு ஒரே தராசில் வைப்பவருக்கு என்ன பதில் சொன்னாலும் போதாது.

ஒருத்தர் செய்ததற்கு ஒரு ஊரே பொறுப்பு என்கிறார்களே? சாதிச் சண்டையில் இப்படித்தான் பேசுகிறார்கள்.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அதற்கு முன் நடந்தது ஒரு சாதி மறுப்புத் திருமணமும், பெண்ணின் தந்தையின் தற்கொலையும். திருமணம் செய்தது இரண்டு பேர். வீடு இழந்தது நூற்றுக்கணக்கான குடும்பங்கள். அதில் பெங்களூரில் கட்டட வேலை செய்து சேர்த்த காசில் கட்டிய வீடுகளும் உண்டு. "அந்தப் பையன் சும்மா இருந்திருந்தா இது நடந்திருக்குமா?" என்று இன்றைக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தாமஸ் பெட்டிக்ரூ என்ற சமூக உளவியல் அறிஞர் 1979-இல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். நம் கூட்டத்து ஆள் தப்புச் செய்தால் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறோம்: கோபத்தில் நடந்துவிட்டது, துக்கம் தாங்கவில்லை. அந்தக் கூட்டத்து ஆள் என்றால் அவர்கள் புத்தியே அப்படித்தான் என்கிறோம். ஒரே தெருச் சண்டையை இரண்டு பக்கத்தாரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், வார்த்தைகூட மாறாமல் இடம் மட்டும் மாறி வரும்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று சொல்லி என் மாமா 6 லட்சம் இழந்தார். படித்தவர், பேங்கில் வேலை பார்த்தவர். முட்டாள்தனம் என்று சொல்லாமல் என்ன சொல்ல?

முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்னாடியே தெரிந்த மாதிரிதான் இருக்கும். பாரூக் ஃபிஷோஃப் 1975-இல் இதைச் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டை. ஒரே விவரத்தைப் படிக்கக் கொடுத்து, ஒரு குழுவிடம் ஆங்கிலேயர் ஜெயித்தார்கள், இன்னொரு குழுவிடம் கூர்க்காக்கள் ஜெயித்தார்கள் என்று முடிவை மாற்றி மாற்றிச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ அதுதான் நடக்க அதிக வாய்ப்பிருந்தது என்று அந்தந்தக் குழு சொன்னது. பின்னால் ரோனி ஜானஃப்-புல்மனும் மற்றவர்களும் 1985-இல், ஓர் ஆணும் பெண்ணும் பழகும் ஒரே கதையை முடிவை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். வன்கொடுமையில் முடிந்த கதையைப் படித்தவர்கள், அந்தப் பெண் செய்த அதே சாதாரணக் காரியங்களைக் காட்டி "இதில் தான் தப்பு" என்றார்கள்.

உங்கள் மாமாவுக்கு முடிவு தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோவில் யூனிஃபார்ம் போட்ட ஒருவன், ஆதார் எண்ணைச் சரியாகச் சொல்கிறான், போனை வைத்தால் வாரண்ட் என்கிறான், வீட்டில் யாரிடமும் பேசக் கூடாது என்கிறான். மோசடிக்காரன் வேலையே பயத்தை நிரப்பி யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதுதான். (டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. போனில் யாரையும் கைது செய்ய முடியாது.)

குறை சொல்வதால் பணமும் போகும், எப்படி என்றால்: 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைத்தவருக்கு அந்த வாய்ப்பும் போய்விடும்.

நிஜமாகவே விருப்பமில்லை என்றால் கத்தியிருக்கலாமே, ஓடியிருக்கலாமே?

உடம்பு எப்போதும் நாம் சொன்னபடி கேட்காது. மிகப் பெரிய பயத்தில் சண்டை போடுவது, ஓடுவது தவிர மூன்றாவதாக ஒன்று நடக்கும்: உறைந்துபோவது. கை கால் அசையாது, குரல் எழும்பாது. ஸ்டாக்ஹோம் மருத்துவமனைக்கு வன்கொடுமைக்குப் பிறகு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் கணிசமான அளவு இப்படி உறைந்துபோனதாகச் சொன்னார்கள். கத்தவில்லை என்பதைச் சம்மதம் என்று படிப்பவர்கள் இந்த ஒரு எண்ணையாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கோர்ட்டில் பெண்ணின் நடத்தையைக் கிளறுவார்களாமே? அதற்குப் பயந்துதான் புகாரே கொடுக்கவில்லை.

ஒரு காலத்தில் கிளறினார்கள், சட்டமே அனுமதித்தது. மகாராஷ்டிராவில் 1972-இல் போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நடந்த கொடுமை, மதுரா வழக்கு என்று பெயர் பெற்றது. உடம்பில் காயமில்லை, கத்தவில்லை, ஏற்கெனவே உறவுக்குப் பழகியவள் என்ற ரீதியில் போய், உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. 1979-இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து எழுந்த போராட்டம் 1983-இல் சட்டத் திருத்தத்தைக் கொண்டு வந்தது.

பெண்ணின் பொதுவான நடத்தையைக் காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்ற பிரிவு 2003-இல் நீக்கப்பட்டது. பழைய உறவுகள் சம்மதத்தைத் தீர்மானிக்காது என்பது 2013-இல் சட்டமானது, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தில் 48-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பெண் ஏற்கெனவே உறவுக்குப் பழகியவளா என்று பார்க்கச் செய்த இரு விரல் பரிசோதனை, செய்வதே ஒழுங்கீனம் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண்ணின் உடை, பழக்கவழக்கம் பற்றி நீதிபதிகளே கருத்துச் சொல்லக் கூடாது என்று 2021 மார்ச்சில் சொன்னது. 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டத்தின் 33-ஆம் பிரிவு, மிரட்டும் தொனியில் கேள்வி கேட்பதையும் குழந்தையின் நடத்தையைக் கொச்சைப்படுத்துவதையும் அனுமதிக்கக் கூடாது என்கிறது. வக்கீல் எல்லை மீறினால் அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். ஏட்டில் இருப்பது எல்லாக் கோர்ட்டிலும் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பொய்ப் புகாரே கிடையாதா?

உண்டு. அதற்குத் தண்டனையும் சட்டத்தில் உண்டு. ஆனால் விடுதலை ஆன வழக்கெல்லாம் பொய் வழக்கு இல்லை. சாட்சி பிறழ்ந்திருக்கலாம், ஊரில் பேசி முடித்திருக்கலாம். திருட்டுப் புகாரிலும் பொய் உண்டுதான். ஆனாலும் வண்டி காணோம் என்று வந்தவரிடம் முதல் கேள்வியாக "நிஜமா உங்ககிட்ட வண்டி இருந்துச்சா?" என்று யாரும் கேட்பதில்லை.

ஆண்களுக்கு நடந்தால்?

சிரிக்கிறார்கள். பையன்களுக்கு நடக்கும் பாலியல் கொடுமை வெளியே வராததற்கு அந்தச் சிரிப்பே முக்கியக் காரணம். போக்சோ சட்டம் ஆண் பெண் என்று பிரிப்பதில்லை.

என் பெண் நான்தான் தப்பு, நான்தான் தப்பு என்கிறாள். எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை.

பாலக்கோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டது. இந்தத் தன்னைத்தானே குறை சொல்வதில் இரண்டு வகை இருப்பதாக ஜானஃப்-புல்மன் 1979-இல் பிரித்தார். "அந்த வழியில போயிருக்கக் கூடாது" என்பது ஒரு வகை. நடந்ததைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர மனசு பண்ணும் முயற்சி அது. "நான் அப்படிப்பட்டவ, எனக்கு இதுதான் நடக்கும்" என்பது இன்னொரு வகை. கவலைப்பட வேண்டியது இரண்டாவது. அந்தப் பேச்சு வந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகத் தயங்காதீர்கள்.

வீட்டில் என்ன பேசுவது என்று கேட்டார். நீளமாக எதுவும் வேண்டாம். "நீ சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு. உன் மேல தப்பில்ல. அடுத்து என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு." ஏன், எதுக்கு, எத்தனை மணிக்கு என்ற கேள்விகள் போலீஸ் கேட்டுக்கொள்ளும், நீங்கள் கேட்க வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் ஒருத்தன் பின்னாடி வந்து தொல்லை கொடுத்தான் என்றால், பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அவசரமாகக் கல்யாணம் பேசும் பழக்கம் இருக்கிறது. வாயால் ஒரு வார்த்தை திட்டவில்லை, பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் தொல்லை கொடுத்தவன் வழக்கம்போல டியூஷனுக்குப் போகிறான், தண்டனை அவளுக்கு. 18 வயதுக்குள் என்றால் அந்தக் கல்யாணமே குற்றம்.

பேப்பரில் செய்தி எழுதும் விதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. லாரா நீமி, லியான் யங் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், குற்றம் செய்தவரை எழுவாயாக வைத்து எழுதிய விவரத்தைப் படித்தவர்கள், பாதிக்கப்பட்டவரைக் குறைவாகவே குறை சொன்னார்கள். "இரவில் தனியாகச் சென்ற பெண்ணிடம் நகை பறிப்பு" என்று தலைப்புப் போட்டால் கண் அந்தப் பெண்ணிடம் போகிறது. "பைக்கில் வந்த இருவர் நகையைப் பறித்தனர்" என்றால் அந்த இருவரிடம் போகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. விசுவாசம், கீழ்ப்படிதல், தூய்மை இவற்றையே பெரிதாக மதிப்பவர்கள் பாதிக்கப்பட்டவரைக் கூடுதலாகக் குறை சொல்கிறார்கள். யாருக்கும் தீங்கு நேரக் கூடாது, நியாயம் வேண்டும் என்பதை முதலில் வைப்பவர்கள் குறைவாகச் சொல்கிறார்கள். குடும்ப மானம் என்ற பேச்சு அதிகம் புழங்கும் நம் பக்கத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புகார் கொடுக்க யாரைப் பார்ப்பது? செலவாகுமா?

அவசரம் என்றால் 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணைய மோசடிக்கு 1930. எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது; எங்கே நடந்திருந்தாலும் பதிந்துகொண்டு மாற்றி அனுப்ப வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போனில் என்றால் 15100. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இழப்பீடு கேட்டு அங்கே மனுக் கொடுக்கலாம்.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பெண்ணின் பெயரும் போட்டோவும் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், நீங்கள் அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள், "பாவம் இந்தப் பொண்ணு" என்று எழுதிக்கூட. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் 2 வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குரூப் அட்மினிடம் நீக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சைபர் கிரைம் போலீஸுக்குப் போங்கள். போட்டவர் "நியாயம் கேட்கத்தானே போட்டேன்" என்பார். பாதிக்கப்பட்டவரே எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தால் ஒழிய அந்தச் சாக்கு செல்லாது.